இறந்தபின் வரும் புகழ் யாருடையது?

ஒருவர் இறந்து சில ஆண்டுகள் கழிந்த பிறகு அவருடைய திறமை உலகுக்குத் தெரியவந்து, உயிரோடு இருந்தபோது கிட்டாத புகழ் அவர் பெயருக்கு வந்து சேருமானால், அந்தப் புகழால் நன்மை அடைபவர் யார் என்பது மெய்யியலில் மிகப் பழைய வினா. இறந்தவர் இல்லாமற் போய்விட்டார் என்று கொள்வோர், இல்லாத ஒருவருக்கு எதுவும் போய்ச் சேராது என்பர். உயிர் தொடர்கிறது என்று நம்பும் சமயத்தார்க்குங்கூட, விண்ணுலகிலோ மறுபிறவியிலோ இருக்கும் ஓர் உயிருக்கு இம்மண்ணில் விற்பனையாகும் இசைத்தட்டுகளால் ஆவது என்ன என்பது எளிதில் விளங்குவதில்லை. ஆயினும் இத்தகைய செய்தியைக் கேள்விப்படுவோர் பெரும்பாலும், இருந்து பார்க்கக் கொடுத்துவைக்கவில்லையே என்று இரங்குவதோடு நில்லாமல், இப்போதாவது அவருக்கு உரியது கிடைத்ததே என்று ஆறுதலும் கொள்கின்றனர். இரக்கம் அவர் எதையும் பெறவில்லை என்கிறது. ஆறுதலோ பெற்றுவிட்டார் என்கிறது. ஒரே மூச்சில் சொல்லப்படும் இவ்விரண்டும் ஒருங்கே உண்மையாக இருக்க முடியுமா என்பதே இங்கு ஆராயப்படுவது.

பாடகர்களின் வழக்கில் இவ்வினா ஒரு தனிக் கூர்மை பெறுகிறது. கவிஞனின் ஏட்டுச்சுவடி நூற்றாண்டுகள் கடந்தும் கண்டெடுக்கப்படலாம். சிற்பியின் கல் மண்ணுக்கடியிலிருந்து மீளலாம். ஆனால் குரல் என்பது மூச்சோடு பிறந்து மூச்சோடு அடங்குவதாகையால், ஒலியைப் பதிவுசெய்யும் போனோகிராஃப் கருவியை எடிசன் 1877இல் உருவாக்கும் வரையில், வாழ்நாளில் அறியப்படாத ஒரு பாடகர் இறந்தபின் கண்டறியப்படுவது என்பதற்கே இடமிருக்கவில்லை. கேட்டவர்கள் சொல்லிச் சொல்லி ஒரு பெயர் நிலைத்திருக்கலாம், ஆனால் கேட்காதவர் அக்குரலைக் கேட்டு மதிப்பிட வழியே இல்லை. அவ்வகையில், இறந்தபின் வரும் புகழைப் பற்றிப் பண்டைய மெய்யியலார் எழுதியபோது அவர்கள் மனத்தில் இருந்தவர்கள் அரசர்களும் வீரர்களும் புலவர்களுமே. 1938 டிசம்பரில் நியூயார்க்கின் கார்னகி அரங்கில் ஜான் ஹாம்மண்ட் என்ற இசைத்தட்டுத் தயாரிப்பாளர் ஒரு நிகழ்ச்சிக்காக மிசிசிப்பிப் பகுதியின் புளூஸ் பாடகரான ராபர்ட் ஜான்சனைத் தேடியபோது, அவர் அவ்வாண்டு ஆகஸ்டிலேயே இறந்துவிட்டார் என்று தெரியவர, மேடையில் அவருடைய இசைத்தட்டுகளைச் சுழலவிட்டு அவையோரைக் கேட்கச் செய்தார். இறந்தவர் பாட, இருப்பவர்கள் கைதட்டும் அந்த நிலை மனித வரலாற்றில் அதற்குச் சில பத்தாண்டுகளுக்கு முன்புவரை நினைத்தும் பார்க்க முடியாதது.

இவ்வகைப் புகழுக்கு அண்மைக் காலத்தில் மிகத் தெளிவான எடுத்துக்காட்டாக நிற்பவர் அமெரிக்கப் பாடகி ஈவா கேசிடி. 1963 பிப்ரவரி 2 அன்று வாஷிங்டன் நகரில் பிறந்து, அதை அடுத்துள்ள மேரிலாண்ட் மாநிலத்தில் வளர்ந்த அவர், தந்தையிடம் சிறு வயதிலேயே கிதார் கற்றார், பிழைப்புக்கு நாற்றுப்பண்ணை ஒன்றில் செடிகளோடு வேலை பார்த்தார், ஓவியமும் தீட்டினார். 1986இல் நண்பர் ஒருவரின் இசைக்குழுவுக்காகப் பாடச் சென்ற இடத்தில், ஒலிப்பதிவுக் கூடம் வைத்திருந்த பாஸ் கிதார் கலைஞர் கிறிஸ் பியோண்டோவின் கவனத்தை அவர் குரல் ஈர்த்தது. அதன்பின் பியோண்டோ அவரைப் பாடவைத்துப் பதிவுசெய்து சேர்த்த நாடாக்களே பின்னாளில் அவர் பெயரில் வெளிவந்த பலவற்றுக்கும் மூலமாயின. வாஷிங்டன் நகரின் கறுப்பின மக்களிடையே பிறந்த, முரசொலி இடையறாது ஓடும் 'கோ-கோ' என்னும் ஆட்ட இசைக்குத் தந்தையாகக் கருதப்படும் சக் பிரவுன், இந்த வெள்ளையினப் பெண்ணோடு சேர்ந்து 1992இல் ஓர் இசைத்தொகுப்பை வெளியிட்டார். பெரிய இசை நிறுவனங்கள் அவரை நாடாமலும் இல்லை; ஆனால் நாட்டுப்புறப் பாட்டு, புளூஸ், ஜாஸ், தேவாலயப் பாடல், மெல்லிசை ஆகிய எல்லாவற்றையும் ஒரே மேடையில் பாடும் ஒருவரைக் கடையின் எந்தத் தட்டில் வைத்து விற்பது என்பது அவற்றுக்குப் புரியவில்லை. ஒரே வகையைப் பிடித்துக்கொள்ளும்படி கேட்கப்பட்டபோது அவர் இணங்கவில்லை. இணங்கியிருந்தால் வாழ்நாளிலேயே ஓரளவு பெயர் பெற்றிருக்கக்கூடும் என்பதால், அவருடைய மறைவான வாழ்வில் விதியின் பங்கோடு அவருடைய விருப்பத்தின் பங்கும் உண்டு என்பதை மறக்கலாகாது.

1996 ஜனவரி 2, 3 ஆகிய இரு இரவுகளில், வாஷிங்டனின் ஜார்ஜ்டவுன் பகுதியில் உள்ள 'ப்ளூஸ் ஆலி' என்னும் சிறு இசைக்கூடத்தில் அவர் தம் குழுவோடு பாடியது பதிவுசெய்யப்பட்டது. நாற்றுப்பண்ணை வேலையில் சேர்ந்திருந்த சிறு ஓய்வூதியத் தொகையை எடுத்தே அதற்கான செலவு ஈடுகட்டப்பட்டது. முதல் இரவின் பதிவு கருவிக் கோளாறால் பயன்படாமற் போக, இரண்டாம் இரவின் பதிவே எஞ்சியது. சளி பிடித்திருந்த நிலையில் பாடிய தம் குரல் அவருக்கே பிடிக்கவில்லை. வெளியிட வேண்டாம் என்றுதான் முதலில் சொன்னார். பீட் சீகர் இயற்றிய, தமக்கு மிகவும் விருப்பமான ஒரு பாடலை ஒலிப்பதிவுக் கூடத்தில் பாடிய பதிவையும் சேர்ப்பதானால் சரி என்ற நிபந்தனையோடு பின்னர் இசைந்தார். அவ்வாண்டு மே மாதம் வெளிவந்த அந்தத் தொகுப்பே அவர் உயிரோடு இருந்தபோது தனித்து வெளியிட்ட ஒரே தொகுப்பு. 1993இல் அவர் முதுகிலிருந்து அகற்றப்பட்ட ஒரு மச்சத்தில் மெலனோமா, அதாவது தோலின் நிறமிச் செல்களில் தோன்றும் புற்றுநோய், இருந்தது. 1996 கோடையில் பள்ளிச் சுவர்களில் ஓவியம் தீட்டிக்கொண்டிருந்தபோது ஏற்பட்ட இடுப்பு வலிக்காக மருத்துவரிடம் போனதில், நோய் எலும்பிலும் நுரையீரலிலும் பரவியிருப்பது தெரியவந்தது. நவம்பர் 2 அன்று 33ஆம் வயதில் இறந்தார்.

பின்னர் நடந்தவை விரைந்து நடந்தன. 1998இல் 'சாங்பேர்ட்' என்ற பெயரில் ஒரு சிறு நிறுவனம் அவருடைய பாடல்களைத் தொகுத்து வெளியிட, அது பிரிட்டனுக்குச் சென்று, பிபிசியின் இரண்டாம் வானொலியில் டெர்ரி வோகன் நடத்திய காலை நிகழ்ச்சியில் ஒலிபரப்பாயிற்று. ப்ளூஸ் ஆலியில் கையடக்கக் கேமராவில் எடுக்கப்பட்ட, தரம் குறைந்த காணொளி ஒன்றை 2000 டிசம்பரில் பிபிசி தொலைக்காட்சி காட்டியபோது நேயர்களின் கோரிக்கைகள் குவிந்தன. 2001 மார்ச்சில் அத்தொகுப்பு பிரிட்டனின் விற்பனைப் பட்டியலில் முதலிடம் பெற்றது. 2002இலும் 2003இலும் வெளியான தொகுப்புகளும் அவ்வாறே முதலிடம் பெற்றன. உலகெங்கும் விற்ற பிரதிகள் ஒரு கோடிக்கும் மேல் என்று கணக்கிடப்படுகிறது. வாழ்ந்த ஊரில் சில நூறு பேர் முன்னிலையில் பாடி, கூச்ச மிகுதியால் மேடையில் பாடல்களுக்கிடையே பேசவும் தயங்கிய ஒரு பெண்ணுக்கு, அவர் அறியாத ஒரு நாட்டில், அவர் அறியாத ஓர் ஆண்டில் நேர்ந்தது இது. 'அவருக்கு நேர்ந்தது' என்று சொல்வது தகுமா என்பதே வழக்கு.

தகாது என்று முதலில் வாதிடுபவர் கிரேக்க அறிஞர் எபிக்யூரஸ் (கி.மு. 341–270). நன்மையும் தீமையும் உணர்வின்பாற்பட்டவை; சாவு உணர்வின் ஒழிவு; ஆகவே நாம் இருக்கையில் சாவு இல்லை, சாவு வருகையில் நாம் இல்லை என்பது அவர் மெனீசியஸ் என்பவருக்கு எழுதிய மடலின் சாரம். இக்கோட்பாட்டின்படி, கேசிடிக்கு 2001இல் எந்த நன்மையும் நேரவில்லை. வாதம் எளிமையானது, உடைக்கக் கடினமானது. ஆனால் அதே எபிக்யூரஸ் தம் உயிலில், தம் பிறந்தநாளை ஆண்டுதோறும் கொண்டாடவும், மாதந்தோறும் 20ஆம் நாளில் தம்மையும் தம் நண்பர் மெட்ரோடோரஸையும் நினைவுகூர்ந்து சீடர்கள் கூடவும் பொருள் ஒதுக்கினார் என்பதை, மெய்யியலாரின் வாழ்க்கை வரலாறுகளை எழுதிய டயோஜெனிஸ் லேர்ஷியஸ் பதிந்துவைத்திருக்கிறார். சாவுக்குப் பின் எதுவும் தம்மைத் தொடாது என்றவருக்கு இந்த ஏற்பாடு எதற்கு என்று உரோமானியரான சிசரோ எள்ளினார். எள்ளல் நியாயமானதுதான் எனினும், எபிக்யூரஸ் பக்கம் ஒரு விடை இல்லாமல் இல்லை: கூடி நினைவுகூர்வதன் பயன் கூடுகிறவர்களுக்கே என்று அவர் சொல்லியிருக்கலாம். இந்த விடை எவ்வளவு தூரம் போகும் என்பது பின்னர் தெரியவரும்.

அரிஸ்டாட்டில் இவ்வளவு உறுதியாக இல்லை. 'நிக்கோமாக்கிய அறவியல்' என்னும் நூலின் முதற்பகுதியில் அவர் இச்சிக்கலை இருமுறை தொடுகிறார். மனிதனின் உயர்ந்த நலம் எது என்று ஆராயுமிடத்தில், மதிப்பும் புகழும் அந்நலம் ஆகா என்று தள்ளுவதற்கு அவர் காட்டும் காரணம் குறிப்பிடத்தக்கது: மதிப்பு என்பது பெறுபவரைக் காட்டிலும் தருபவரையே சார்ந்திருக்கிறது, ஆனால் ஒருவரின் நலம் என்பது அவருக்கே உரியதாகவும், அவரிடமிருந்து எளிதில் பறிக்க முடியாததாகவும் இருக்க வேண்டும். சில இயல்கள் தள்ளி, ஒருவரின் முடிவைக் காணும்வரை அவரை இன்பவாழ்வினர் என்று சொல்லாதே என்ற கிரேக்க அறிஞர் சோலோனின் எச்சரிக்கையை எடுத்துக்கொண்டு, இறந்தவரின் வழித்தோன்றல்களுக்கு நேரும் ஏற்றத்தாழ்வுகள் இறந்தவரைத் தொடுமா என்று கேட்கிறார். அறவே தொடாது என்பது மக்களின் நம்பிக்கைக்கு மாறாக இருக்கிறது. முழுக்கத் தொடும் என்றால் இறந்தவர் ஒருநாள் இன்பவாழ்வினராகவும் மறுநாள் துன்பவாழ்வினராகவும் மாறிக்கொண்டே இருக்க நேரும். ஏதோ சிறிது தொடலாம், ஆனால் இன்பவாழ்வை இல்லாததாக்கவோ இல்லாததை உண்டாக்கவோ அது போதாது என்று முடிக்கிறார். இந்த நழுவலான முடிவைப் பிற்கால உரையாளர்கள் பலர் குறையாகக் கண்டனர். உண்மையில், ஒரு வாதத்தை வெல்வதற்காகப் பொதுமக்களின் உணர்வை மடமை என்று தள்ளிவிடாத நேர்மை இதில் இருக்கிறது. ஆனால் நேர்மை விளக்கமாகிவிடாது என்பதும் உண்மை.

விளக்கம் ஒன்றை முன்வைத்தவர் இருபதாம் நூற்றாண்டின் அமெரிக்க மெய்யியலார் ஜார்ஜ் பிட்சர். தாமஸ் நேகல் 1970இல் 'சாவு' என்ற கட்டுரையில், ஒருவருக்கு நேரும் தீமை அவர் உணர்வதோடு முடிந்துவிடுவதில்லை என்றும், தம் முதுகுக்குப்பின் ஏமாற்றப்படுபவர் அதை அறியாவிட்டாலும் கேடடைந்தவரே என்றும் வழி திறந்திருந்தார். பிட்சர் 1984இல் அதைத் தொடர்ந்து ஒரு நுட்பமான பிரிவைச் செய்தார். இறந்தவர் என்று நாம் பேசும்போது இரண்டு பொருள்களில் பேசுகிறோம்: ஒன்று, இப்போது பிணமாகவோ சாம்பலாகவோ இருப்பது, மற்றொன்று, உயிரோடு ஒருகாலத்தில் இருந்த அந்த ஆள். இரண்டாவதை அவர் 'சாவுக்கு முந்தைய ஆள்' என்றார். சாம்பலுக்கு நன்மையோ தீமையோ செய்ய முடியாது. ஆனால் சாவுக்கு முந்தைய ஆளின் விருப்பங்கள், முயற்சிகள் ஆகியவற்றின் நிறைவும் குலைவும் அவர் இறந்தபின் நடப்பவற்றால் முடிவாகலாம். இது காலத்தில் பின்னோக்கிப் பாயும் மாயவிளைவு அன்று. நாளை உலகமே அழிந்துபோகுமானால், இன்று ஒரு பெற்றோர் தம் குழந்தைக்கென நட்ட மரம் பயன்தராத மரம் என்பது இன்றே உண்மை. நாளைய நிகழ்ச்சி இன்றைய செயலை மாற்றுவதில்லை, அச்செயல் எத்தகையது என்ற செய்தியை முழுமையாக்குகிறது.

பிட்சரின் பிரிவை ஏற்றுக்கொண்டால், கேசிடியின் வழக்கில் அடுத்துக் கேட்க வேண்டியது, சாவுக்கு முந்தைய கேசிடி எதை விரும்பினார் என்பது. இங்கேதான் பொதுவாகச் சொல்லப்படும் கதை தடம் புரள்கிறது. புகழுக்காக ஏங்கி, அது கிட்டாமல் இறந்து, பின் அது கிட்டியவர் என்ற வடிவில் அவர் கதை சொல்லப்படுவதுண்டு. ஆனால் அறியப்பட்ட செய்திகள் அதற்கு இடந்தரவில்லை. ஒரே வகைக்குள் அடங்க மறுத்ததன்மூலம் புகழின் வாயிலைத் தம் கையாலேயே சாத்தியவர் அவர். அதே சமயம், யாரும் கேட்காமலே பாடிக்கொண்டிருக்க விரும்பியவரும் அல்லர். ஓய்வூதியத் தொகையை எடுத்து இசைத்தட்டு வெளியிடுபவர் கேட்பாரை வேண்டுகிறார் என்பதில் ஐயமில்லை. தாம் விரும்பிய பாடல்களைத் தாம் விரும்பிய முறையில் பாட வேண்டும், அவ்வாறு பாடுவதைப் பிறர் கேட்க வேண்டும் என்பதே அவருடைய செயல்கள் காட்டும் விருப்பம். கேட்கப்படுதல் வேறு, புகழ் வேறு. பாடுதல் என்ற செயல் கேட்பவர் ஒருவரையேனும் நாடி நிற்பது. கேட்கப்படும்போது அது தன் இயல்பில் நிறைவுறுகிறது. புகழோ கேட்டவர்களின் எண்ணிக்கையும், கேளாதவர்களும் பெயரைச் சொல்வதும் ஆகும். வாஷிங்டனின் சிறு கூடங்களில் அவர் குரல் கேட்கப்பட்டுக்கொண்டுதான் இருந்தது. சக் பிரவுனுக்கு அதன் அருமை தெரிந்திருந்தது. 'கண்டறியப்பட்டார்' என்ற பேச்சு பிரிட்டனின் வானொலி நேயர்களின் பக்கத்திலிருந்து மட்டுமே உண்மை. ஆகவே 1996க்குப் பிறகு நடந்தவற்றில் அவருடைய விருப்பத்தை நிறைவு செய்தது, இன்னும் பலர் கேட்டனர் என்ற அளவே. பட்டியலில் முதலிடமும் கோடியைத் தாண்டிய விற்பனையும் அவருடைய எந்த விருப்பத்தையும் நிறைவு செய்யவில்லை, ஏனெனில் அப்படியொரு விருப்பம் இருந்ததற்குச் சான்றில்லை.

இப்பிரிவு செய்யப்படாவிட்டால் ஒரு விபரீதம் விளையும். ஜனவரி 2ஆம் நாள் இரவில் நேர்ந்த கருவிக் கோளாறு 3ஆம் நாளும் நேர்ந்திருந்தால் ப்ளூஸ் ஆலித் தொகுப்பு இருந்திராது. தொலைக்காட்சியில் காட்டப்பட்ட காணொளியை யாரோ ஒருவர் எடுக்காமல் இருந்திருந்தால் 2000ஆம் ஆண்டின் பரபரப்பும் இருந்திராது. இறந்தபின் வரும் புகழ் வாழ்வின் மதிப்பைக் கூட்டுமானால், ஒரு மின்கம்பியின் இரைச்சலால் ஒருவருடைய வாழ்வின் மதிப்பு குறைந்துவிடும் என்று சொல்ல நேரும். அதைவிட, நாடாவில் பதியப்படாமலே மறைந்த எண்ணற்ற பாடகர்கள், அதாவது எடிசனுக்கு முன் வாழ்ந்த அனைவரும் அவருக்குப் பின் வாழ்ந்தவர்களில் மிகப் பலரும், தம் கலையில் எவ்வளவு உயர்ந்திருந்தாலும் குறைபட்ட வாழ்வினர் ஆகிவிடுவர். எஞ்சியவர்களை மட்டுமே நாம் அறிய முடியும் என்பதால் இந்த விபரீதம் கண்ணில் படுவதில்லை. மதிப்பு தருபவரைச் சார்ந்தது என்ற அரிஸ்டாட்டிலின் சொல்லுக்கு, தருபவரை மட்டுமல்ல, கம்பியையும் நாடாவையும் சார்ந்தது என்று இன்று சேர்த்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

தமிழ் மரபில் புகழைப் பற்றிய சிந்தனை இவ்விடத்தில் பொருந்தும் இரு போக்குகளைக் காட்டுகிறது. திருக்குறள் 'புகழ்' என்ற 24ஆம் அதிகாரத்தை இல்லறவியலின் இறுதியில், 'ஈகை'யை அடுத்து வைக்கிறது. உரையாசிரியரான பரிமேலழகர், இல்லறத்தில் வழுவாதவர்க்கு இவ்வுலகிலேயே கிடைத்து அழியாமல் நிற்கும் பயன் புகழ் என்றும், அது பெரும்பாலும் ஈதலால் வருவது என்றும் அம்முறைவைப்புக்குக் காரணம் கூறுகிறார். அதாவது, புகழ் மறுமைப் பயனன்று, இம்மைப் பயன். அதன் வேர் கொடுத்தவரிடமும் அதன் இருப்பு பெற்றவரிடமும் இருக்கிறது. மற்றொரு போக்கு நடுகல்லில் காணப்படுவது. போரில் வீழ்ந்த வீரனுக்குக் கல்லைத் தேர்ந்து காண்பது முதல் அதை வாழ்த்துவது வரையில் ஆறு நிலைகளைத் தொல்காப்பியப் புறத்திணையியல் வகுக்கிறது. சங்கப் பாடல்கள் அக்கல்லுக்குப் படையல் இடப்பட்டதைப் பேசுகின்றன. படையலிடுவோருக்கு, இறந்தவன் பெறக்கூடியவனாகவே இருக்கிறான். இசைத்தட்டு முன் நிற்கும் இன்றைய நேயர் தம்மை முதற்போக்கைச் சேர்ந்தவராகக் கருதிக்கொண்டாலும், அவருடைய உணர்வு இரண்டாவதன் பக்கமே சாய்கிறது என்பது கவனிக்கத்தக்கது.

இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு வழியை மிக நுட்பமாகக் காட்டியிருப்பது பௌத்தம். கிரேக்க மரபினனான மன்னன் மிலிந்தனுக்கும் துறவி நாகசேனருக்கும் நடந்த உரையாடலாக அமைந்த 'மிலிந்த பன்ஹா' என்ற பாலி நூலில், மன்னன் ஓர் இருதலைச் சிக்கலை எழுப்புகிறான். புத்தர் தமக்குச் செய்யப்படும் பூசையை ஏற்கிறார் என்றால் அவர் முற்றும் விடுதலை பெற்றுவிடவில்லை, உலகோடு இன்னும் பிணைந்திருக்கிறார் என்றாகும். பரிநிர்வாணம், அதாவது மீண்டும் பிறத்தல் இல்லாத முழு ஒடுக்கம், எய்திவிட்டார் என்றால் ஏற்பவர் இல்லாத பூசை வீண் என்றாகும். நாகசேனர் இரண்டாவது தலையின் முன்பாதியை ஏற்றுப் பின்பாதியை மறுக்கிறார். புத்தர் எதையும் ஏற்பதில்லை. ஆயினும் பூசை வீண் அன்று. பெருந்தீ அணைந்துவிட்டால் அது விறகை ஏற்பதில்லை. அதனால் உலகில் நெருப்பே இல்லாமற் போவதில்லை. வேண்டியவர் தம் முயற்சியால் கட்டையைக் கடைந்து நெருப்பை உண்டாக்கிப் பயன்கொள்கின்றனர் என்று அவர் விளக்குகிறார். எபிக்யூரஸின் உயிலுக்குச் சொல்லத்தக்க விடையின் முழு வடிவம் இதுவே. பெறுபவர் இல்லாத கொடை பொருளற்றது என்ற முற்கோளைக் கைவிட்டுவிட்டால், இறந்தவருக்குச் செய்யும் சிறப்பைக் காப்பாற்ற இறந்தவரை இருப்பவராக ஆக்க வேண்டியதில்லை.

ஆனால் கேசிடியைப் பொறுத்தவரை நாகசேனரின் விடையை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாத ஓர் இடம் உண்டு. புத்தர் பற்றனைத்தும் ஒழித்தவர். ஒழிக்காமல் விட்டுச்சென்ற விருப்பம் எதுவும் அவருக்கு இல்லை. சாதாரண மனிதர் விருப்பங்களை விட்டுச் செல்கின்றனர். அவற்றோடு வெறுப்புகளையும் விட்டுச் செல்கின்றனர். புகழைப் பற்றிப் பேசுவோர் வசதியாக மறந்துவிடும் பாதி இது. இறந்தவருக்கு நன்மை செய்ய முடியும் என்றால் தீமையும் செய்ய முடியும். தீமை செய்ய முடியாது என்றால் நன்மையும் முடியாது. இரண்டில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ள எந்த வாதமும் இடந்தராது. இறந்தபின்னாவது உரியது கிடைத்தது என்று ஆறுதல் கொள்பவர், அவர் வேண்டாம் என்று ஒதுக்கியதை வெளியிட்டது அவருக்குச் செய்த தீங்காகுமா என்ற கேள்வியையும் ஏற்றாக வேண்டும். தம் கையெழுத்துப் படிகளை எரித்துவிடும்படி எழுத்தாளர் காஃப்கா கேட்டுக்கொண்டிருந்தும், நண்பர் மாக்ஸ் பிராட் அவர் இறந்த மறு ஆண்டே, 1925இல், 'விசாரணை' நாவலை வெளியிட்டார். உலக இலக்கியம் அதனால் செழித்தது. அச்செழிப்பு காஃப்காவின் சொல்லுக்கு விடையாகுமா என்பது தீராத வழக்கு.

கேசிடி எதையும் எரிக்கச் சொல்லவில்லை. ஆனால் தம் பாட்டில் எளிதில் நிறைவு கொள்ளாதவர் அவர் என்பதற்கு ப்ளூஸ் ஆலித் தொகுப்பின் வரலாறே சான்று. அவர் இறந்தபின் வெளிவந்தவை எல்லாம் பிறர் தேர்ந்து, பிறர் வரிசைப்படுத்தியவை. 2007இல் கேட்டி மெலுவா என்ற பாடகி, கேசிடியின் பழைய பதிவோடு தம் குரலை இணைத்து வெளியிட்ட இருகுரற்பாட்டு பிரிட்டனில் முதலிடம் பெற்றது; இருகுரல் என்றாலும் இசைந்தது ஒருவர்தான். 2023இல், பழைய பதிவுகளிலிருந்து அவர் குரலை மட்டும் இயந்திரக் கற்றல் என்னும் கணினி நுட்பத்தால் பிரித்தெடுத்து, லண்டன் சிம்பனி இசைக்குழுவின் பின்னணியில் அமைத்து ஒரு தொகுப்பு வெளியிடப்பட்டது. நுட்பத்தை மட்டும் நோக்கினால் வியப்புக்குரிய பணி. ஆயினும் பெரிய நிறுவனங்கள் தம் குரலைத் தாங்கள் விரும்பிய உறைக்குள் இட முயன்றபோது மறுத்தவர், தனிக் கிதாரோடு அமைத்துக்கொண்ட பாட்டுகளுக்குப் பேரிசைக்குழுவின் உறை இடப்படுவதற்கு இசைந்திருப்பாரா என்பது நியாயமான ஐயம். நேயர்கள் மகிழ்ந்தனர் என்பது இதற்கு விடையாகாது. நாகசேனர் சொன்னபடி அம்மகிழ்ச்சி நேயர்களின் முயற்சியில் விளைந்த பயன், கேசிடியின் விருப்பம் நிறைவேறியதற்கான சான்று அன்று. தவறு என்றும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. விருப்பம் தெரியாத இடத்தில் குலைவும் தெரியாது.

இறப்பு, கேட்கும் செவியையும் மாற்றிவிடுகிறது என்பது இதனோடு சேர்ந்த மற்றொரு சிக்கல். 'சாங்பேர்ட்' தொகுப்பைக் கேட்ட பலரும் முதலில் குரலைக் கேட்டனர், பின்னர் அவர் இறந்த செய்தியைக் கேட்டனர், மூன்றாவதாகக் குரலை மீண்டும் கேட்டனர்; மூன்றாம் கேட்பில் முதற்கேட்பு திரும்பக் கிடைப்பதில்லை. தொலைநாட்டைப் பற்றியும் அறுவடைக்கால வயல்களைப் பற்றியும் வேறு சிலர் வேறு காரணங்களுக்காக எழுதிய பாடல்கள், தம் முடிவை முன்னறிந்தவரின் பாடல்களாக ஒலிக்கத் தொடங்குகின்றன. ப்ளூஸ் ஆலியில் பாடிய இரவில் அவருக்குத் தம் நோய் மீண்டிருப்பது தெரியாது. சளி பிடித்திருந்தது மட்டுமே தெரியும். இரங்கற்பாவாக அவரைக் கேட்பவர், பாடிய பெண்ணைக் கேட்கவில்லை, தம் இரக்கத்தைக் கேட்கிறார். புகழின் ஒரு பகுதி குரலுக்கும் ஒரு பகுதி சாவுக்கும் செலுத்தப்பட்டது என்றால், இரண்டாம் பகுதியை அவர் கணக்கில் வரவு வைக்க எந்த மெய்யியலும் இடந்தராது.

இவ்வாறு கழித்துக்கொண்டே வந்தால் அவருக்கு உரியது என்று ஐயமின்றிச் சொல்லத்தக்கது சிறிதளவே எஞ்சுகிறது. ஆனால் ஒன்றுமில்லாமல் போய்விடவில்லை. தம் குரல் பிடிக்காதபோதும் ஒரு நிபந்தனையோடு வெளியிட இசைந்த அந்த ஒரு தொகுப்பில், எதைக் கேட்கத் தருவது, எந்தக் குறையோடு தருவது, ஈடாக எதைச் சேர்ப்பது என்ற முடிவுகள் அவருடையவை. 1996இல் அதை வாங்கியவர்கள் சிலர், 2001க்குப் பின் வாங்கியவர்கள் பலர்; பின்னவர்கள் கேட்டபோது நிறைவேறியது முன்னவர்கள் கேட்டபோது நிறைவேறிய அதே விருப்பமே. மற்றத் தொகுப்புகளைக் கேட்பதில் குற்றமேதுமில்லை. ஆனால் அவற்றில் கேட்கும் குரல் கேசிடியுடையது, கேட்கத் தரும் முடிவு பியோண்டோ போன்ற நண்பர்களுடையதும் வெளியீட்டாளர்களுடையதும். உறைமேல் அவர் பெயர் மட்டுமே அச்சிடப்பட்டிருப்பதால் இவ்வேறுபாடு மறைந்துபோகிறது.